ஏழாம் எண்ணில் நிற்கும் வண்டி

ஸ்கிரீன் அக்காவுக்குக் கார் கிடையாது. ஓட்டவும் தெரியாது. ஆனாலும் இந்த நகரத்தில் அவர் ஏறி இறங்காத தெரு இல்லை. வீடுகளுக்குத் திரைச்சீலை அளவெடுத்து, தைத்து, மாட்டிக் கொடுப்பது அவர் தொழில்; பெயரும் அதிலிருந்து வந்ததுதான். பத்தொன்பது வருடமாக அதையே செய்வதால், ஊரை அவர் ஜன்னல் ஜன்னலாக அறிவார். எந்த வீட்டில் மேற்கு வெயில் சுடும், எந்த வீட்டில் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவார்.

எல்லா இடத்துக்கும் பஸ்தான். எட்டடிக் கம்பிகளைக் கட்டாகக் கட்டி, பின்சீட்டின் ஓரமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போவார். பெரிய வீடுகளில், “கார எங்க நிறுத்துனீங்க?” என்று கேட்பார்கள். “பஸ் ஸ்டாப்புல,” என்பார் அக்கா. சிலர் சிரிப்பார்கள். சிலர், பஸ் ஸ்டாப்பில் காரை நிறுத்தினால் அபராதம் போடுவார்களே என்று உண்மையாகவே கவலைப்படுவார்கள்.

அக்காவின் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். “நாள் முழுக்க ஸ்டியரிங்கப் புடிக்கிறவன், வீட்டுக்கு வந்தும் புடிக்கணுமா?” என்பது அவர் கட்சி. அந்த வீட்டில் கார் வாங்கும் பேச்சே எழுந்ததில்லை.

போன வருடம் அவர்கள் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு வந்தார்கள். வருவதற்கு முதல் நாள், குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் போன் செய்தார். எல்லாருக்கும் அவர் செகரட்டரி சார்.

“உங்ககிட்ட வண்டி இருக்காம்மா?”

“இருக்கு சார். அவருதான் ஓட்டுறாரு.”

“சின்னதா, பெருசா?”

“நல்லா பெருசு சார். டீசல்.”

“அப்படியா! இப்ப எங்க நிக்குது?”

“சர்வீஸுக்குப் போயிருக்கு சார். சாயங்காலம் எடுத்துடுவாரு.”

அக்கா பொய் சொல்லவில்லை. அந்த வீட்டில் வண்டி என்றால் கணவர் ஓட்டும் பேருந்துதான். “இன்னைக்கு வண்டி லேட்டு,” “வண்டிய மாத்திட்டாங்க,” “வண்டி மேட்டுல இழுக்கமாட்டேங்குது” என்று சொல்லிக்கொண்டேதான் இருபது வருடமாகக் கணவர் செருப்பைக் கழற்றுகிறார். புதுக் குடித்தனக்காரரின் வேலையைப் பற்றிச் சங்கத்தில் விசாரிக்கிறார்கள் போலிருக்கிறது என்று அக்கா நினைத்துக்கொண்டார்.

மறுநாள் வீட்டுச் சாவியோடு ஒரு சீட்டும் வந்தது. கார் நிறுத்துமிடம், எண் ஏழு. பதினெட்டு அடி நீளம், நடுவில் தூண் இல்லை, மேலே கூரை. குடியிருப்பிலேயே எல்லாரும் கண் வைத்திருந்த இடம் அது. விஷயம் அப்போதுதான் அக்காவுக்குப் புரிந்தது. திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தார். அந்த ஒரு நிமிடத்துக்குள் கை தானாக நாடாவை எடுத்து இடத்தை அளந்துவிட்டது. வீட்டுக் கூடம் பதினோரு அடிதான். நீளத் துணியை மடிக்காமல் வெட்ட அங்கே வழியே இல்லை.

சீட்டு அக்காவின் பையிலேயே தங்கிவிட்டது.

மூன்று மாதம் நிம்மதியாகப் போனது. காலையில் மற்ற கார்கள் வெளியேறிய பிறகு, அக்கா ஏழாம் எண்ணில் தார்ப்பாயை விரித்துத் துணி வெட்டுவார். சாயங்காலம் கார்கள் திரும்புவதற்குள் சுருட்டிவிடுவார். வெற்றிடத்தைப் பார்த்தவர்கள் தாங்களாகவே கதை கட்டினார்கள். “அவரு விடியக்காலையிலயே வண்டிய எடுத்துட்டுப் போயிடுறாரு, ராத்திரி எல்லாரும் தூங்குன பிறகுதான் வர்றாரு, ஏதோ பெரிய பிசினஸ்,” என்றார் முதல் மாடிக்காரர். செகரட்டரி ஓட்டுநரைப் படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம், “வணக்கம் சார், வண்டி நல்லா ஓடுதா?” என்று கேட்பார். “ஓடுது சார், கூட்டம்தான் தாங்கல,” என்பார் ஓட்டுநர். சாலை நெரிசலைச் சொல்கிறார் என்று எண்ணி செகரட்டரியும் தலையாட்டுவார்.

ஒருநாள் செகரட்டரியின் கார் படுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் பஸ் ஏறினார். படியில் கால் வைத்ததும் முன்னாலிருந்து ஒரு குரல்.

“வாங்க சார், வாங்க! இதான் நம்ம வண்டி!”

செகரட்டரி டிக்கெட் வாங்கவும் மறந்து நின்றார். நடத்துநர் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

அன்று மாலையே அவர் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினார்.

“என் காதுல பூ சுத்திட்டீங்களேம்மா!”

“நான் என்ன சார் சுத்துனேன்? பெருசான்னு கேட்டீங்க, பெருசுன்னேன். டீசல்னேன். அதுல எது பொய்?”

செகரட்டரிக்கு வாதத்தை விட வலி அதிகம். வெளிநாடு போன மகன் விட்டுப்போன புதுக் கார் ஒன்று அவரிடம் இருந்தது; கீறல் விழுமோ என்ற பயத்தில் அவர் அதை ஓட்டுவதில்லை. வீட்டுக்கு ஓர் இடம்தான் என்பதால் அதைத் தெருவில் நிறுத்தி, அதன்மேல் விழும் காக்கை எச்சத்தை அவரே தினமும் கழுவிக்கொண்டிருந்தார். “ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு ஏழாம் நம்பர்ல உங்க வண்டி நிக்கணும். இல்லன்னா இடம் எனக்கு. போர்டுலயே எழுதியிருக்கு, குடியிருப்போர் வண்டிகளுக்கு மட்டும்னு,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேறு சமயமாக இருந்தால் அக்கா விட்டுக் கொடுத்திருப்பார். ஆனால் அந்த வாரம்தான், ஒரு பள்ளிக்கூடத்து மேடைக்கு வெல்வெட் திரை தைக்கும் வேலை வந்திருந்தது. பன்னிரண்டு துண்டு, ஒவ்வொன்றும் பதினாலு அடி. வெல்வெட்டை மேலிருந்து கீழே தடவினால் மினுங்கும், கீழிருந்து மேலே தடவினால் கறுக்கும். மடித்து வெட்டினால் துணி நழுவி, ஒரு துண்டு மினுங்க, பக்கத்துத் துண்டு கறுக்கும். நீட்டி விரிக்க இடமில்லை என்றால் துணியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். அவர் வாழ்க்கையிலேயே அவ்வளவு பெரிய வேலை வந்ததில்லை.

“உங்க வண்டியத்தான் ஒரு மணி நேரம் கொண்டாந்து நிறுத்துங்களேன்,” என்றார் கணவரிடம்.

“நிறுத்தலாம். கேட்டையும் பாதிச் சுவரையும் முதல்ல இடிக்கணும். அப்புறம் எனக்கு வேலை போயிடும். பரவாயில்லையா?”

அக்கா கீழே போய்ப் போர்டைப் படித்தார். கணவர் சொன்ன கேட்டை விட்டுவிட்டு, அதில் எழுதியிருந்த ‘வண்டி’ என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாவது மாடியில் இருக்கும் பல் டாக்டரம்மா தன் கிளினிக்கைப் புதுப்பித்திருந்தார். கழற்றிய கதவுகள் இரண்டு மொட்டை மாடியில் கிடந்தன. அக்கா கேட்டதும், “எடுத்துட்டுப் போங்க, பல்லு புடுங்குறப்ப அலறுற சத்தமெல்லாம் கேட்ட கதவு,” என்று கொடுத்தார். பழைய இரும்புக் கடையில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்த சக்கரங்கள் எட்டு கிடைத்தன. ஓட்டுநர் இரண்டு நாள் விடுப்பு எடுத்து, கதவுகளைப் படுக்கவைத்து, மேசைபோலக் கால் வைத்து, காலுக்குச் சக்கரம் வைத்து, இரண்டையும் ஒரு கொக்கியால் கோத்தார்.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் பாதிக் குடியிருப்பு கீழே கூடியிருந்தது. ஏழாம் எண்ணில் இரண்டு கதவுகள், ஒன்றன்பின் ஒன்றாக, சக்கரத்தின் மேல் நின்றன.

“என்னம்மா இது?”

“வண்டி சார்.”

“இதுவா? எஞ்சின் எங்க?”

“மாட்டு வண்டிக்கு எஞ்சின் எங்க சார் இருக்கு? அத வண்டின்னுதானே சொல்றோம்?”

“சக்கரம் இருந்தா வண்டியா? அப்ப என் ஆபீஸ் நாற்காலிக்குக்கூடச் சக்கரம் இருக்கு!”

“கொண்டாங்க சார், ஓரமா நிறுத்திக்கலாம்.”

கூட்டம் சிரித்தது. செகரட்டரியும் சளைத்தவரல்ல. “சிரிக்காதீங்க. வண்டின்னா போகணும், வரணும். இந்தக் கதவு கேட்டத் தாண்டிப் போயி, தெருவச் சுத்தி, திரும்பி வந்து அதே இடத்துல நிக்கட்டும். நானே ஒத்துக்கிறேன்.”

அக்கா கணவரைப் பார்த்தார். ஓட்டுநர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

முன் கதவை ஓட்டுநர் இழுக்க, பின் கதவை அக்கா தள்ள, வண்டி கேட்டைத் தாண்டியது. முதல் திருப்பத்தில் பின் கதவு தன் போக்கில் சாக்கடைப் பக்கம் போகப் பார்த்தது. “வலது, வலது!” என்று ஓட்டுநர் கத்த, “உங்க வலதா, என் வலதா?” என்று அக்கா கத்தினார். பின்னால் ஒரு காரும் மூன்று ஸ்கூட்டரும் ஊர்ந்து வந்தன. கார்க்காரர் ஹாரன் அடித்தபடி தலையை நீட்டினார்.

“ஏன்மா, வீட்டுக் கதவைக் கழட்டிக்கிட்டு எங்க ஊர்வலம்?”

“கதவு இல்ல தம்பி, வண்டி! முந்தாதீங்க!”

வேகத்தடையில் கொக்கி கழன்றது. பின் கதவை அக்கா இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தார். ஓட்டுநர் குனிந்து மறுபடி மாட்டினார். தெருவைச் சுற்றிப் பதினொரு நிமிடத்தில் கேட்டுக்குள் நுழைந்தார்கள்.

இனிமேல்தான் கஷ்டம். ஏழாம் எண்ணுக்கு இரு பக்கமும் கார்கள். அந்த மாதிரி இடுக்கில் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்த, செகரட்டரி உட்பட எல்லாருக்கும் நாலு முயற்சி வேண்டும், இரண்டு பேர் வழிகாட்ட வேண்டும். ஓட்டுநர் தோளுக்கு மேல் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அக்காவைத் தள்ளி நிற்கச் சொன்னார். முன் கதவை இடது பக்கம் கொஞ்சம் ஒடித்து, பின் கதவை உள்ளே அனுப்பி, நேராக்கித் தள்ளினார். இரண்டு கதவும் ஒரே மூச்சில் கோட்டுக்குள் போய் நின்றன. பக்கத்துக் காரில் ஒரு கீறல்கூட இல்லை.

பல் டாக்டரம்மாதான் முதலில் கை தட்டினார்.

செகரட்டரி கோட்டைக் குனிந்து பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு ஓட்டுநரைத் தனியாக அழைத்து, தாழ்ந்த குரலில், “சார், அந்த ரிவர்ஸ எனக்கும் ஒரு தடவை சொல்லித் தருவீங்களா?” என்று கேட்டார்.

“அதுக்கென்ன சார், பையன் வண்டியவே எடுத்துட்டு வாங்க. அத எங்கயாவது இடுக்குல சொருக முடியுமான்னும் பாத்துடலாம்.”

அக்கா அதற்குள் கதவுகளின் மேல் வெல்வெட்டை விரித்துவிட்டார். பதினாலு அடியும் ஒரே பக்கமாக மினுங்கியது. செகரட்டரி சங்கத்துப் பதிவேட்டைத் திறந்து ஏழாம் எண்ணுக்கு எதிரே பேனாவை வைத்தார். உரிமையாளர் பெயரை எழுதினார். வண்டியின் வகை என்ற கட்டத்தில் வெகு நேரம் தயங்கினார். பொய் எழுதுவது அவருக்குப் பிடிக்காது.

கடைசியில், ‘இரண்டு கதவு’ என்று எழுதினார்.