கம்ரா தட்டிப் பார்த்தாள்

எங்கள் ஊர் செஜ்னானில், சாலையோர யூகலிப்டஸ் மரத்தடியில் ஒரு பலகை. அதன்மேல் மண் தட்டுகள், சட்டிகள், பொம்மைகள். எங்கள் பதினோரு பெண்களின் கடை அது. அந்தப் பலகையில் ஏறுவதற்கு முன் எந்த உருப்படியும் கம்ரா கைக்குப் போயாக வேண்டும். நடுவிரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டுவாள். கணீரென்று கேட்டால் பலகைக்கு. கேட்காவிட்டால், செய்தவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கல்லில் போட்டு உடைப்பாள்.

என்னுடையது மட்டும் இருபத்து மூன்று உடைத்திருக்கிறாள். எனக்கு வாய் நீளம். கல் நெஞ்சுக்காரி என்று முகத்துக்கு நேரேதான் திட்டுவேன். அவள் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. பானையின் சத்தம் மட்டும்தான் அந்தக் காதுக்குள் போகும்.

இந்த வேலையை அவளிடம் கொடுத்ததும் நாங்கள்தான். ஒருமுறை ஒரு ஆள் எங்களிடம் வாங்கிய கிண்ணம் நாலாம் நாள் வெடித்துவிட்டது. திரும்பி வந்து பலகைமேல் வீசிவிட்டுப் போனார். மானம் போயிற்று. அப்போதுதான் கம்ராவின் காது ஞாபகம் வந்தது. தர்பூசணி வாங்கவே ஊரில் பாதிப் பேர் அவளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவள் தட்டிக் கொடுத்த பழம் ஒருநாளும் வெளுத்திருந்ததில்லை.

அவள் எழுதப் படிக்கக் கற்றதில்லை. பத்து வயதில் மண்ணில் கை வைத்தவள், நாற்பது வருஷமாக அதை எடுக்கவில்லை. புருஷன் காட்டில் மரப்பட்டை உரிக்கப் போவார், இவள் சாணி வறட்டி அடுக்கிச் சூளை மூட்டுவாள். ஒரு மத்தியானம் ரொட்டியை ஆலிவ் எண்ணெயில் தொட்டுத் தின்றபடி என்னிடம் சொன்னாள்: "எம் பேரு போட்டு ஒண்ணு எங்கயாவது இருக்கணும்டி. ஒண்ணே ஒண்ணு போதும்."

எங்கள் சாமான்கள் எந்தக் கடைக்குப் போனாலும் ஊர்ப் பெயரைத்தான் ஒட்டுவார்கள். மகளை விட்டுத் தன் பெயரைத் துண்டுக் காகிதத்தில் எழுதச் சொல்லி, அதன் உருவத்தை அவள் பார்த்துப் பார்த்துப் பழகி வைத்திருந்தாள்.

போன வசந்தத்தில் தலைநகர் தூனிஸிலிருந்து சிஹேம் என்ற பெண் வந்தாள். கண்காட்சி ஒன்று நடத்தப் போகிறாளாம். எங்கள் குழுவிலிருந்து ஒரே ஒரு உருப்படி வேண்டும், அதன் கீழே செய்தவர் பெயர் இருக்கும் என்றாள். நாங்கள் பத்துப் பேரும் கம்ராவைப் பார்த்தோம்.

ஒரு மாதம் உட்கார்ந்து மணப்பெண் பொம்மை ஒன்று செய்தாள். முழங்கால் உயரம், எங்கள் ஊர் வழக்கப்படி இடுப்பில் குழந்தை. இலைச் சாற்றால் கோடு போட்டாள். வரையும்போது பச்சையாகத்தான் இருக்கும், நெருப்புப் பட்டால்தான் கறுக்கும். சூளையிலிருந்து வெளியே வந்தபோது ஒரு கோடு பிசகவில்லை. யாரையும் லேசில் புகழாத நானே மாஷா அல்லாஹ் என்றேன்.

சிஹேம் வைக்கோல் போட்ட பெட்டியோடு வந்தாள். பெயர் அட்டையையும் எழுதியே கொண்டுவந்திருந்தாள். கம்ரா அதை வாங்கி விரலால் தடவிப் பார்த்தாள். அந்த உருவம் அவளுக்குத் தெரியும். பிறகு, வழக்கம்போல, பொம்மையைத் தட்டினாள்.

எங்களுக்குக் கணீரென்றுதான் கேட்டது. அவள் பொம்மையின் இடுப்புப் பக்கம் இன்னொரு தரம் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சும்மா பார்வைக்கு வைக்கிறதுதானேக்கா, யாரு இதுல தண்ணி ஊத்தப் போறாங்க?" என்றாள் சிஹேம்.

"கெடுத்துக்காதடி. யாரு காதுக்கும் கேக்கல," என்றேன் நான்.

"எனக்குக் கேக்குதே," என்றாள் கம்ரா. கல்லில் போட்டு உடைத்தாள்.

உடைந்த விளிம்பில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு சுண்ணாம்புக் கல் வெள்ளையாகத் தெரிந்தது. ஈரம் குடித்து என்றைக்காவது வெடித்திருக்கும். நான் அழுதேன். கம்ரா அழவில்லை. அடுத்த மண்ணில் இடித்துக் கலக்கச் சில்லுகளை ஒன்றுவிடாமல் மடியில் பொறுக்கிக்கொண்டாள். பிறகு பலகையருகே போய் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தாள். மீன் வரைந்த ஒரு தட்டில் நின்றாள். மறுபடி தட்டினாள். என் தட்டு அது.

"இது தூனிஸுக்குப் போகட்டும்."

கம்ரா பெயரையே வைத்துவிடச் சொல்லி நான் சிஹேமின் காதைக் கடித்தேன். அதுவும் அவளுக்குக் கேட்டுவிட்டது. என்னை ஒரு முறை முறைத்தாள். கையிலிருந்த அட்டையைத் திருப்பி, வெறும் பக்கத்தை சிஹேமிடம் நீட்டினாள்.

"இந்தப் பக்கம் எழுதுங்க. அவ பேரு வசீலா."

தூனிஸுக்குப் போய்ப் பார்த்தேன். கண்ணாடி விளக்குக்குக் கீழே என் தட்டு, முன்னால் என் பெயர். யாரும் பார்க்காத நேரம் அட்டையைத் தூக்கிப் பார்த்தேன். சுவரைப் பார்த்தபடி பின்பக்கம் கம்ரா இருந்தாள். திருப்பி வைக்கக் கை பரபரத்தது. வைக்கவில்லை. தெரிந்தால் பஸ் ஏறி வந்து, இருபத்து நாலாவதாக அந்தத் தட்டையும் உடைத்துவிட்டுப் போவாள்.