சித்தியின் ஜட்கா

ஜட்கா ஓட்டிய எங்கள் சித்திக்கு, எந்தத் தெருவில் எந்தக் கல் துருத்திக்கொண்டிருக்கிறது என்பது மனப்பாடம். முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்ப வண்டி தேடிய மொழிப்பாட வாத்தியார் ஒருவர், அவளுடைய வண்டியைக் கண்டதும் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஜட்கான்னா என்னன்னு தெரியுமாம்மா? இந்தியிலேருந்து வந்த சொல். வெடுக்குனு ஒரு குலுக்கல்னு அர்த்தம். என் தையல் பிரிஞ்சுடும்!"

"பேரு வச்சவர் என் வண்டியில ஏறலையே, வாத்தியாரே! ஏறுங்க. ஒரு குலுக்கல் குலுங்கினாலும் குதிரையை அவுத்துட்டு நானே இழுக்கிறேன்."

சித்தி வைக்கோலை இரண்டு மடங்காகப் பரப்பினாள். பாரம் அச்சின் மேல் நேராக இறங்கும்படி அவரை நடுவில் உட்காரவைத்து, குதிரையை ஓடவிடாமல் நடக்கவிட்டாள். மூன்றாவது தெருவில் வாத்தியார் குறட்டை விட்டார். வண்டி கொஞ்சம் அதிர்ந்தது அந்தக் குறட்டையால்தான். நான் சத்தியமே செய்வேன்.

வீட்டு வாசலில் மனைவி தட்டி எழுப்பியபோது, "இன்னும் கிளம்பலையா?" என்று கேட்டார்.

குணமான பிறகும் வகுப்பில் அந்தச் சொல்லுக்குக் குலுக்கல் என்றுதான் பொருள் சொன்னார். பள்ளிக்கு வந்து இறங்கியது மட்டும் தினமும் சித்தியின் வண்டியில்.