மெட்டி விரலும் மணியும்

ஆரம்பாக்கத்தில் நானும் மனைவி சரோஜாவும்தான் இருக்கிறோம். அவளுக்குச் சர்க்கரை நோய். எங்கள் நாய் மணி, சில நாட்களாக அவளுடைய இடதுகால் மெட்டி விரலையே முகர்ந்து முனகியது.

"இன்னாங்க, இது இங்கயே மோந்துக்கினு கீது? மெட்டியக் கழட்டிப் பாக்கட்டா?" என்றாள்.

"நான் இன்னும் உயிரோடதான இருக்கேன்? அதுக்குள்ள இன்னா அவசரம்?" என்று அதட்டிவிட்டு, மணியைக் கொல்லையில் கட்டிப்போட்டேன்.

மெட்டிக்கு அடியில் புண் இருந்திருக்கிறது. மரத்துப்போன காலில் அவளுக்கு வலி தெரியவில்லை. கால் வீங்கிய பிறகே மருத்துவமனைக்குப் போனோம். விரலை எடுத்துவிட்டார்கள்.

வீடு திரும்பியதும் மணி அவள் காலில் போட்டிருந்த துணிக்கட்டை முகர்ந்துவிட்டு, முனகாமல் அவள் காலடியில் படுத்துக்கொண்டது.

இவ்வளவு படித்தும், மெட்டியைக் கழற்றினால் என் உயிருக்கு ஆபத்து என்று உள்ளுக்குள் பயந்தேன். இப்போது அந்தக் காலில் மெட்டி இல்லை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.