எந்த வெயிலுக்குப் பானை வைப்பது?

சூரியன் எத்தனை மணிக்கு உதிக்கிறது? பள்ளிக்கூடத்தில் புவியியலில் நல்ல புள்ளி எடுத்தவள் நான். பூமி சுழல்வதைப் படம் கீறிக் காட்டிப் பாராட்டு வாங்கியிருக்கிறேன். ஆனாலும் நமுனுகுல மலையின் மேற்குச் சரிவில் குடித்தனம் தொடங்கி மூன்றாவது தைப்பொங்கல் வரப்போகிற இந்த நேரத்திலும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. யாழ்ப்பாணத்தில் அது ஒரு கேள்வியே அல்ல. பஞ்சாங்கத்தில் ஒரு நேரம் போட்டிருக்கும். அந்த நேரத்துக்குப் படலையைத் திறந்தால் வயல்வெளிக்கு அப்பால், பனை வடலிகளுக்கு மேலே சூரியன் நிற்கும். இங்கே பஞ்சாங்கத்தின் நேரம் வந்து போய், என் கணவர் தேநீர் குடித்துவிட்டு ஒப்பீசுக்குப் போய், பிள்ளைக்கு முகம் கழுவிப் பால் கொடுத்து, துணிகளையும் அலம்பிப் பிழிந்த பிறகுதான் மலையின் தலைக்கு மேல் சூரியன் ஏறி வருகிறது. மழைக்காலத்தில் அதுவும் நிச்சயமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கே காலை வெயில் மேற்கிலிருந்து வருகிறது. சிரிக்காதீர்கள். மலை எங்கள் முதுகுக்குப் பின்னால், கிழக்கே நிற்கிறது. அதன் நிழல் எங்கள் பக்கம் முழுவதையும் மூடியிருக்கும்போது, பள்ளத்தாக்குக்கு அப்பால் மேற்கே இருக்கும் எதிர்மலையின் உச்சியில் முதல் வெயில் விழும். பிறகு அது மெல்ல இறங்கி, கீழே ஓடும் ஆற்றைக் கடந்து, தேயிலை நிரைகள் மீது ஒவ்வொன்றாக ஏறி எங்களை நோக்கி வரும். லயங்களில் இருக்கும் தோட்டத் தொழிலாளர்கள் விடுமுறை நாட்களில் வாசலில் குந்தியிருந்து அந்த வெயில் வருவதைப் பார்ப்பார்கள். அது தங்கள் வாசலைத் தொட்டால்தான் அவர்களுக்குப் பொழுது வந்த கணக்கு. வந்த புதிதில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஒரு விஷயம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

என் கணவர் இந்தத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர். அதனால் என் பெயர் இங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. நான் கிளாக்கரம்மா. எங்கள் குவார்ட்டர்ஸ் லயங்களுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. முன்வாசல் பள்ளத்தாக்கைப் பார்க்கிறது, அதாவது மேற்கை. கிழக்கே குசினியும் விறகுக் கொட்டிலும், அதற்குப் பின்னால் பாசி பிடித்த மண்மேடும்தான். மகள் சுமதி பிறந்து சில மாதங்களில் இங்கே வந்தோம். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக வேலை செய்பவள் ராமாயி. என் வயதுதான் இருக்கும். முதல் மழைக்காலத்தில் பிள்ளை விடாமல் அழுதபோது, கேட்காமலே வந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டவள். அவளையும் அவள் கணவர் முத்தையாவையும் எங்கள் முதல் பொங்கலுக்கு அழைத்தேன். கணவருக்குக் கொஞ்சம் தயக்கம். லயத்து ஆட்களை இலை போட்டு இருத்துவது எங்களைப் போன்ற ஸ்டாஃப் வீடுகளில் வழக்கமில்லையாம். ஆனாலும் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

“சூரியன் உதிக்கேக்க பானை வைப்பம். பிந்தாமல் வாங்கோ” என்று ராமாயியிடம் சொன்னேன்.

“அதுக்கென்னங்கம்மா, பொழுது வந்ததும் வந்துர்றோம்” என்றாள்.

இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டோம்.

பொங்கலன்று பஞ்சாங்க நேரத்துக்கு மழை தூறிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் என் கணவரின் தாயாரான மாமி வீட்டில் முற்றத்தைச் சாணத்தால் மெழுகி, உலக்கை வைத்து மாக்கோலம் போட்டு, கிழக்குப் பார்த்து மூன்று கல் வைப்பார்கள். நானும் கிழக்குப் பார்த்துத்தான் வைத்தேன். அதாவது குசினிக்குப் பின்னால், விறகுக் கொட்டிலுக்கும் மண்மேட்டுக்கும் நடுவில். மாக்கோலம் போடப் போடக் கரைந்தது. ஊரில் தென்னம்பன்னாடையும் பொச்சுமட்டையும் சொன்னபடி எரியும். இங்கே கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி, மிலாறுதான். ஈரத்தில் புகைந்து கண்ணைக் கரித்தது. கணவர் ஒரு கையால் பானைக்கு மேல் குடை பிடித்தார், மறு கையால் மூக்கைப் பொத்தினார். எப்படியோ பால் பொங்கியது. எங்கள் வழக்கப்படி பால் பொங்கினால்தான் வீட்டுத் தலைவர் இரண்டு கையாலும் அரிசி அள்ளிப் பானையில் இட வேண்டும். அவர் இட்டார், பிறகு மாமி கொடுத்தனுப்பிய சீனவெடியைக் கொளுத்தினார். அந்த மங்கலில் வெடிச்சத்தம் மலையில் மோதி இரண்டு தரம் திரும்பி வந்தது. சற்று நேரத்தில் கங்காணி ஒருவர் கையில் தடியோடு ஓடி வந்தார்.

“ஐயா, கள்ளன் எந்தப் பக்கம் ஓடுனான்?”

கணவர் குடையோடும் புகையோடும் நின்று, பொங்கல் என்று விளக்கினார். கங்காணி பானையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். “இந்நேரத்துலயா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

வாழையிலை விரித்துவைத்துக் காத்திருந்தோம். யாரும் வரவில்லை. நான் உள்ளே போய் அழவில்லை, ஆனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யன்னலோரம் நெடுநேரம் நின்றேன். என் சமையலின் வாசம் அவர்களுக்குப் பிடிக்கவில்லையோ, கூப்பிட்ட முறை பிழையோ என்று யோசித்தேன். மழை விட்டு, எதிர்மலையில் இறங்கிய வெயில் எங்கள் முன்வாசலுக்கு ஏறி வந்தபோது ராமாயியும் முத்தையாவும் சலவைத் துணி உடுத்திக்கொண்டு, தட்டில் வெற்றிலையும் வாழைப்பழமும் ஏந்தி, மிகச் சரியான நேரத்துக்கு வந்த முகத்தோடு வந்தார்கள். அதற்குள் பொங்கற் புக்கை பானையில் சீமெந்து போல் இறுகிவிட்டது. சுடுநீர் ஊற்றிக் கிளறினேன். மேலே கூழாகவும் நடுவில் கட்டியாகவும் அடியில் கரியாகவும் ஆனது. இரண்டு பேரும் இலையில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

“எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

“மூணு ருசிங்கம்மா” என்றார் முத்தையா. ராமாயி அவரை முழங்கையால் இடித்தாள்.

அந்த மாதத்திலேயே சுமதிக்கு நெஞ்சில் சளி கட்டி, பதுளை ஆஸ்பத்திரியில் வைத்திருக்க வேண்டியதாயிற்று. நான் ஊருக்கு எழுதியபோது பொங்கல் அடிப்பிடித்ததையும் பிள்ளைக்குச் சுகமில்லாததையும் ஒரே கடிதத்தில் எழுதிவிட்டேன். மாமி இரண்டையும் சேர்த்துத்தான் வாசித்தார். ‘நேரம் தவறாமல் வைத்த பானை அடிப்பிடிக்காது பிள்ளை’ என்று பதில் வந்தது. ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பில்லை என்று எனக்குத் தெரியும். பனிக்காலத்தில் இங்கே பாதிக் குழந்தைகளுக்கு நெஞ்சுச்சளி. தெரிந்தும், பிள்ளை இருமும்போதெல்லாம் எனக்கு அந்தப் பானையின் அடி ஞாபகத்துக்கு வந்தது.

அடுத்த வருடம் வெயிலுக்குக் காத்திருப்பது என்று தீர்மானித்தேன். பானையை முன்முற்றத்தில் வைத்தேன். மழை இல்லை. எதிர்மலையில் வெயில் இறங்கத் தொடங்கியதும் பாலை ஏற்றினேன். அது ஆற்றுக்கு வந்தபோது பால் சூடேறிவிட்டது. ஆனால் வெயில் எங்களுக்குக் கீழே உள்ள தேயிலை நிரை வரைக்கும் வந்த நேரத்தில் மேலேயிருந்து பனிமூட்டம் இறங்கி அதை அப்படியே நிறுத்திவிட்டது. பால் பொங்கப் பார்த்தது. நான் விறகை இழுத்தேன். அடங்கியது. வெயில் அசைந்தது போலிருந்தது, விறகைத் தள்ளினேன். மூட்டம் மறுபடி மூடியது, விறகை இழுத்தேன். கீழே லயத்து வாசல்களிலும் சனங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். பால் வற்றி, மஞ்சளாகி, ஏடு கட்டி, இனிப் பொங்குகிற நிலையைத் தாண்டிவிட்டது. நடுவில் மட்டும் பொளக், பொளக் என்று குமிழிவிட்டது. பொங்காமல் அரிசி இட முடியாது. கணவர் அரிசிச் சுளகோடு நின்றார். பிள்ளை பசியில் சிணுங்கினாள்.

“இஞ்சரும், பானை பொங்குதோ இல்லையோ, இனி நான் பொங்கிப் போடுவன்” என்றார் அவர்.

“கொஞ்சம் பொறுங்கோ. வெயில் வருது.”

“அது நாளைக்கும் வரும். பொங்கிட்டுது எண்டு சொல்லும்” என்று சுளகை வைத்துவிட்டுப் போய் வெடியைக் கொளுத்தினார்.

வெடிச்சத்தம் கேட்டதும் ராமாயி வீட்டார் மேலே ஏறி வந்தார்கள். ஏறிக்கொண்டிருக்கும்போதே மூட்டம் விலகி, வெயிலும் அவர்களோடு கூடவே வந்தது. “பால் பொங்கிருச்சுங்களாம்மா?” என்று ராமாயி அன்றைக்கு எல்லாரும் எல்லாரையும் கேட்கும் கேள்வியைக் கேட்டாள். நான் குனிந்து விறகைத் தள்ளினேன். கணவர் கூரையைப் பார்த்தார். அவள் சிணுங்கிய சுமதியைத் தூக்கிக்கொண்டு பானையைக் குனிந்து பார்த்தாள். வெளிப்புறத்தில் பால் வழிந்த ஒரு கோடுகூட இல்லை. சுமதியை என்னிடம் தந்துவிட்டு, சேலைத்தலைப்பால் பானையின் கழுத்தைப் பிடித்து, வெயில் நிற்கும் பக்கமாகக் கொஞ்சம் சரித்தாள். கெட்டிப்பால் ஒரு விரலகலம் வழிந்து அடுப்பில் விழுந்து சீறியது.

“இந்தா, பொங்கிருச்சு. பொங்கலோ பொங்கல்!” என்றாள். முத்தையாவும் அவர்களுடைய பிள்ளைகளும் சேர்ந்து கூவினார்கள். கணவர் அரிசியை இட்டார்.

கெட்டிப்பாலில் அரிசி வேகாது என்பதை அன்று தெரிந்துகொண்டேன். நெடுநேரம் காத்திருந்து எல்லாரும் மென்று மென்று சாப்பிட்டோம். “போன வருசம் வாய்க்கு வேல இல்ல. இந்த வருசம் பல்லுக்கு நல்ல வேலைங்க” என்றார் முத்தையா. நானும் சிரித்தேன். அவர்கள் போன பிறகு பானையைக் கழுவும்போதுதான், பால் வழிந்த கறை மேற்குப் பக்கத்தில் இருப்பதைக் கவனித்தேன். கிழக்கே வழிந்தால் நல்லது, வடக்கே வழிந்தாலும் நல்லது என்று மாமி சொல்வார். மேற்கைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுத விரும்பவில்லை. அந்த வருடம் முழுவதும் பிள்ளைக்கு ஒரு சளித் தடிமன்கூட வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதிலிருந்து எதையும் நிரூபிக்க முடியாது. முன்னையதிலிருந்தும் முடியாதுதான்.

கடந்த ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தோம். இரவு முழுக்க ரயிலில் தூங்கிய சுமதி, போய்ச் சேர்ந்த மறுநாள் விடியவே எழுந்து தனியாக முற்றத்துக்குப் போய்விட்டாள். நான் போய்ப் பார்த்தபோது, மேற்கு வேலியைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள். சூரியன் அவளுக்குப் பின்னால் உதித்து மேலே வந்திருந்தது. அவளுடைய நிழல் நீளமாக வேலி வரைக்கும் கிடந்தது.

“என்னடி மோளே பாக்கிறாய்?” என்று மாமி கேட்டார்.

“பொழுது வரட்டும்னு நிக்கிறேன்” என்றாள் பிள்ளை. பிள்ளைக்காம்பரா வாசலில் ராமாயியோடு ஒவ்வொரு காலையும் நிற்கும் பழக்கம். பேச்சும் ராமாயியின் பேச்சுத்தான்.

மாமி அவளைத் தோளில் பிடித்து மெதுவாகத் திருப்பிவிட்டார். வெயில் முகத்தில் அடிக்க, பிள்ளை கண்ணைப் பொத்திக்கொண்டு மறுபடி வேலியின் பக்கம் திரும்பினாள். மாமி என்னைக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “பிள்ளை கிழக்கும் தெரியாமல் வளருது. இந்தமுறைப் பொங்கலுக்கு நான் அங்க வாறன்” என்றார்.

அவர் வருகிறார். பச்சையரிசியும் வறுத்த பயறும் பார்சலில் முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டன. பஞ்சாங்க நேரத்துக்கு, மலையைப் பார்த்துப் பானை வைக்க வேண்டும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. முதல் அகப்பையைப் பேத்திக்கு அவர் கையாலேயே ஊட்ட வேண்டுமாம். ராமாயியோ போன வாரமே, “இந்த வருசம் கொஞ்சம் பச்சப்பால் கையோட கொண்டாறேங்கம்மா” என்று சொல்லிவிட்டாள். அவள் வெயிலோடுதான் வருவாள். இரண்டு பானை வையும் என்கிறார் கணவர், கணக்குப் புத்தகம் பார்க்கிறவர் அப்படித்தான் சொல்வார். ஆனால் ஒரு வீட்டில் ஒரு பொங்கல்தானே பொங்க முடியும்? முதல் பானையில் மாமி படைத்துச் சாப்பிட்டு முடிய, வெயிலோடு ஏறி வருகிறவளுக்கு இரண்டாவது பானையில் பரிமாறினால், அதை அவள் எப்படி எடுத்துக்கொள்வாள்? அவளுக்காகக் காத்திருந்தால், எண்ணெய் வைத்து முழுகித் திருநீறு பூசி, பசியோடு மலையைப் பார்த்து நிற்கும் மாமியிடம் நான் என்ன சொல்வது?

சுமதியை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. பாட்டி மலைப்பக்கம் பார்த்து நிற்க, ராமாயி வரும் பக்கம் பார்த்து அவள் நிற்பாள். நடுவில் பானை. எந்தப் பக்கம் வழிந்தாலும் அது அவளுக்கு ஏதோ ஒன்றைச் சொல்லிக் கொடுத்துவிடும்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களே, பசறையிலும் ஹல்துமுல்லையிலும் எங்களைப் போல ஏதோ ஒரு மலையின் நிழலில் குடியிருக்கிறவர்களே, உங்களில் யாராவது இப்படி ஒரு பொங்கலை நடத்தியிருக்கிறீர்களா? பானையை எப்போது ஏற்றினீர்கள், எந்தப் பக்கம் பார்த்து வைத்தீர்கள், முதல் அகப்பையை யார் கையில் கொடுத்தீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. பானையை இன்னும் வாங்கவில்லை.