கடைசி எண்ணைத் திருத்திய வெள்ளி ரூபாய்

ஹெப்பகோடிப் பக்கம் ஒரு கார்மென்ட் ஃபேக்டரியில் எனக்கு செக்கிங் வேலை. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான சட்டைகள் என் மேஜையைத் தாண்டிப் போகும். கோணல் தையல், விட்டுப்போன பட்டன் என்று குறை கண்டுபிடித்தே கண் பழகிவிட்டது. அந்தக் கண்ணையே ஒரு கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்பது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

பழைய காசு சேர்ப்பது கல்யாணத்துக்கு முன்பிருந்தே எனக்குள்ள பைத்தியம். வெள்ளைக்கார ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாயில் ஒரே ஒரு ஆண்டு மட்டும் என்னிடம் இல்லை. அந்த ஆண்டுக் காசு வெளியே கிடைப்பதே அபூர்வம், விலையும் அப்படித்தான். இரண்டு வருட ஓவர்டைம் பணத்தைச் சேர்த்து, கன்டோன்மென்ட் பக்கம் ஒரு கடையில் வாங்கினேன்.

"மூணு தலைமுறையா ஒரே வீட்ல இருந்த காசு மேடம். ஏலம் கீலம் எதுக்கும் போனதில்ல" என்றார் கடைக்காரர். கன்னடம் பேசும் ஊரில் நம்ம தமிழர். நம்பினேன்.

வீட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது ஆண்டின் கடைசி எண் உறுத்தியது. மற்ற எண்களைச் சுற்றி வெள்ளி மழமழவென்று இருக்க, அதைச் சுற்றி மட்டும் சொரசொரப்பு.

ஏலக் கம்பெனிகள் பழைய விற்பனைகளைப் படத்தோடு இணையத்தில் போட்டு வைத்திருக்கின்றன. ஃபேக்டரி பஸ்ஸில் போகவர ஃபோனில் தேடினேன். அந்த ஆண்டுக் காசு விற்ற ஏலம் எதிலும் என் காசு இல்லை. அப்புறம்தான் உறைத்தது. எண்ணைத் திருத்தியிருந்தால், சல்லிசாகக் கிடைக்கும் முந்தைய ஆண்டுக் காசில் அல்லவா தேட வேண்டும்?

மூன்று வாரம் ஆனது. ஒரு பழைய ஏலப் படத்தில், ராஜாவின் தாடைக்குக் கீழே என் காசில் இருக்கும் அதே பிறைக் கீறல். விளிம்பில் அதே நசுங்கல். சாதாரணக் காசு என்று எங்கோ சொற்ப விலைக்குப் போயிருந்தது. கடைசி எண் மட்டும் வேறு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அடுத்த லீவு நாளில் போய் ஃபோனைக் கடைக்காரர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் மறுக்கக்கூட இல்லை.

"டென்ஷன் ஆவாதீங்க மேடம். காச குடுங்க, பணத்த ஃபுல்லா வாங்கிக்குங்க. மேட்டர் க்ளோஸ்."

"நம்பரைத் திருத்தின காசுன்னு பில்லுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அப்பத் தரேன்."

"அதெப்படி எழுத முடியும்?"

"ஏன், இதையே இன்னொருத்தர் தலையில கட்டணுமா?"

அவர் சிரித்தார். "உங்க பணம் உங்களுக்கு வந்துடுது. மத்தவங்களப் பத்தி உங்களுக்கு இன்னா?"

அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் ஒருவேளை பணத்தை வாங்கியிருப்பேன். காசை இறுக்கிப் பிடித்தபடி படியிறங்கினேன். நேராக அல்சூரில் ஒரு நகை ஆசாரியிடம் போய், நடுவில் ஒரு துளை போடச் சொன்னேன்.

"நல்ல வெள்ளிம்மா, ஏன் பாழ் பண்றீங்க?"

"போடுங்கன்னா போடுங்க!"

நான் கத்தியதில் தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாவம், அவர் என்ன செய்தார்?

"கைக்கு வந்த பணத்த விட்டுட்டு வந்தியா? உனக்கென்ன பைத்தியமா?" என்றார் என் வீட்டுக்காரர். அந்தக் காசுக்காகப் பைக் ரிப்பேரைத் தள்ளிப்போட்டவர். அவர் கேட்டது நியாயம்தான். அதனாலேயே எனக்கு அவர்மேல் இன்னும் கோபம் வந்தது. மூன்று நாள் பேச்சில்லை.

ஏலப் படத்தையும், என் காசின் படத்தையும், கடையின் பெயரையும், காசு சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பத்து நிமிடத்தில் என்னைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். சாயங்காலம் குழுவை நடத்துபவர் தனியாக எழுதினார்: "நீங்க சொன்னது சரிதான் சிஸ்டர். அந்தக் கடை பத்தி எங்களுக்கும் தெரியும். ஆனா இப்படிப் பொதுவுல போட்டிருக்க வேணாம்."

தெரியுமாம். காசு வாங்கிய அன்று நான் படம் போட்டபோது, கை தட்டும் பொம்மைகளை வரிசையாக அனுப்பியவர்கள்தான் இவர்கள். கடைக்காரராவது வியாபாரி. இவர்களுக்கு என்ன வந்தது?

டைப் செய்தேன்: "எத்தனை வருஷமாத் தெரியும்?"

படித்துவிட்டார்.