மரகதம் பிரித்துக் கட்டிய சுவர்

மரகதம் இறந்த செய்தியை என் மகள் செல்விதான் தொலைபேசியில் சொன்னாள். தியாகதுருகத்தில் புதிதாகப் போட்ட தளம் ஒன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். "அப்பா, அத்தை பூட்டாங்கப்பா" என்று அழுதாள். எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல, நிம்மதி. இனி யாரும் என்னை அவளோடு ஒப்பிட மாட்டார்கள் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கப்பட்டுக் குழாயைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் அவளை நேசித்தவர்கள். நான் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன். அதனாலேயே உங்களைவிடக் கூர்ந்து கவனித்தவன்.

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த காலம் அது. கல்வராயன் மலையில், கரியாலூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் கட்டிக்கொண்டிருந்தோம். நான் மேஸ்திரி. மரகதம் கல்லும் கலவையும் சுமக்கும் சித்தாள். சாப்பாட்டு நேரத்தில் யாராவது கொத்தனாரின் கரண்டியை வாங்கித் தானே கட்டிப் பழகுவாள். அந்தச் சமயத்தில் கீழே மரங்களை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே போட்டார்கள். செங்கல்லும் சிமெண்டும் வரவில்லை. ஓவர்சீயர் வேலையை நிறுத்தப் போவதாகச் சொன்னார். அந்தக் கூலியை நம்பியிருந்த மலைக் குடும்பங்கள் வெளியூர் போக மூட்டை கட்டத் தொடங்கின.

தலையில் இருந்த சும்மாட்டை எடுத்துவிட்டு மரகதம் ஓவர்சீயர் முன்னால் போய் நின்றாள்.

"சார், கல்லு இங்கியே கெடக்குது, மண்ணு இங்கியே கெடக்குது. இந்த ஜனங்க அதுலதான வூடு கட்டிக்கினு இருக்காங்க. நாம ஏன் லாரிக்குக் காத்துக்கினு நிக்கணும்?"

நான் சிரித்தேன். "மண்ணு வெச்சிக் கட்டினா மழையில கரைஞ்சி பூடும். நீ போய்க் கலவையப் பாரு."

"வெளிய சுண்ணாம்பு பூசினா கரையாதுண்ணே."

ஓவர்சீயர் இளம் வயதுக்காரர். அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு பக்கச் சுவரை அவளே கட்டட்டும் என்றார். அத்தனை வருட வேலையில் எந்த அதிகாரியும் என்னிடம் யோசனை கேட்டதில்லை. அன்று பற்றிக்கொண்டது எனக்கு அந்தப் பொறாமை.

அவள் அதோடு விடவில்லை. மலைக்காரர்களையே வேலைக்கு வைக்க வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி தர வேண்டும் என்றாள். "கீழ ரோட்டுல வேலையில பங்கு கேக்குறாங்க. நியாயந்தாங்க. எங்கண்ணனும் அதுல நிக்குது. அப்ப இந்த வேலையில மலைக்காரங்களுக்குப் பங்கு இல்லியா? பொம்பளைங்களுக்கு இல்லியா?" என்று கேட்டாள். மறியல் முடிந்து பாதை திறந்ததும், சாலையோரம் வெட்டப்பட்டுக் கிடந்த வேப்பமரங்களை அறுத்துக் கதவும் சன்னலும் செய்ய அனுமதி கேட்டு அலைந்து வாங்கினாள். "இதுக்குன்னு புதுசா ஒரு மரம் சாயக்கூடாது சார்" என்பாள். அந்த யோசனை எனக்கு முதலில் தோன்றாமல் தடுத்தது எது என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன்.

அவள் சுவர் ஆள் உயரம் வந்தபோது, யாரும் இல்லாத சமயம் பார்த்துத் தூக்குக்குண்டு விட்டேன். தப்பு கிடைக்கும் என்ற ஆசையோடுதான் விட்டேன். கிடைக்கவில்லை. சுவர் நேராக இருந்தது. ஆனாலும் ஓவர்சீயரிடம் போய், "சொவுரு ரெண்டு இன்ச்சு வெளிய தள்ளினு இருக்கு சார். பசங்க படிக்கிற எடம். அப்புறம் உங்க இஷ்டம்" என்றேன். அவர் பயந்துபோய் மேலிருந்து இடுப்பளவு வரை பிரிக்கச் சொல்லிவிட்டார்.

மரகதம் மலைப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு கல் கல்லாக இறக்கினாள். மறுபடியும் கட்டினாள். அது முடிந்த அன்று, கை கழுவும் தொட்டியருகே என்னிடம் வந்தாள்.

"சொவுரு நேராதான் இருந்துச்சி. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"அப்ப இன்னாத்துக்குப் பிரிச்ச?"

"நான் சண்ட போட்டிருந்தா அவரு வேலையவே நிறுத்தியிருப்பாரு. இந்த ஜனங்க எங்கண்ணே போவாங்க?"

நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். சங்கராபுரத்தில் ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்து, மலைப் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் கொத்து வேலை சொல்லிக் கொடுத்தாள். மலையில் எழும்பும் கட்டடத்தை மலைக்காரர்களே கட்ட வேண்டும், செங்கல் சூளைக்கு விறகு வெட்டி மலையை மொட்டையடிக்கக் கூடாது என்று அலுவலகம் அலுவலகமாக மனு கொடுத்தாள். பாதி மனுக்கள் குப்பைக்குப் போயின. அவள் மீதிப் பாதியைப் பற்றித்தான் பேசுவாள்.

என் செல்வி பள்ளிக்கூடம் முடித்ததும் கரண்டி பிடிக்க ஆசைப்பட்டு என்னிடம்தான் முதலில் கேட்டாள். "பொம்பளப் புள்ளைக்கு இது இன்னாத்துக்கு?" என்று விரட்டினேன். அவள் நேராக மரகதத்திடம் போனாள். இன்று செல்வி ஒரு மேஸ்திரி. கல் வைக்கும்போது அவள் தலையைச் சாய்த்துப் பார்ப்பது மரகதத்தின் சாயல். என் மகளிடம் என் சாயலைத் தேடி, அது இல்லாமல் எத்தனை முறை வீடு திரும்பியிருக்கிறேன்!

சாவு வீட்டுக்கு மலையிலிருந்து ஒரு பேருந்து நிறைய ஆட்கள் வந்தார்கள். அப்போதுகூட, எனக்கு யார் வருவார்கள் என்றுதான் நினைத்தேன். திரும்பும் வழியில் செல்வியிடம் மெதுவாகக் கேட்டேன்: "என்னப் பத்தி அது ஏதாச்சும் சொல்லியிருக்கா?"

"சொல்லுவாங்கப்பா. உங்கப்பா கை மாரி இந்தப் பக்கத்துல யாருக்கும் இல்ல, போய்க் கத்துக்கன்னு சொல்லிக்கினே இருப்பாங்க."

வேறொன்றும் சொல்லியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்துச் சுவரைப் பற்றி என் மகளுக்கு ஒரு வார்த்தை தெரியாது.

அவளுடைய துணிச்சலை, உழைப்பை, மலை மேல் வைத்த பிரியத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவை உங்களுக்கு உரியவை. எனக்கென்று அவள் விட்டுப்போனது, என்னைக் காட்டிக்கொடுக்காத அந்த மௌனம் ஒன்றுதான். அதன் மேலும் எனக்குப் பொறாமை உண்டு. என்னால் அப்படி இருந்திருக்க முடியாது. செல்வி இதோ இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். நான் சொன்ன பொய்யை அவள் இப்போதுதான் முதல் முறையாகக் கேட்கிறாள்.