நிழல் அக்கா எழுதாத வரி

வார நாட்களில் அவள் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனை அறையில் நர்ஸ். சைக்கிள் பந்தய நாட்களில் வேறு வேலை. ஊக்கமருந்துச் சோதனைக்கு யாரைக் குறிக்கிறார்களோ, அந்த வீரரிடம் பந்தயம் முடிந்ததும் போய்ச் சொல்ல வேண்டும். அந்த நொடியிலிருந்து அவர் சோதனை அறைக்குள் போகும்வரை பார்வையை விட்டு நழுவ விடக் கூடாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கூடவே நடப்பாள். முகம் கழுவப் போனாலும் பின்னால் நிற்பாள். அதனால் வீரர்கள் அவளுக்கு ‘நிழல் அக்கா’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அவர்களில் குருவி என்பவனுக்கு அவள்மேல் தனிப் பிரியம். ஊதினால் பறந்துவிடும் உடம்பு. ஆனால் மேட்டில் ஏறினால் யாராலும் பிடிக்க முடியாது. “என் பொண்டாட்டிகூட என்னை இவ்வளவு நேரம் பாத்ததில்லக்கா,” என்று கேலி செய்வான்.

மலைப்பாதைப் பந்தயத்தில் அவன் நான்கு நிமிட வித்தியாசத்தில் ஜெயித்த அன்று, எல்லைக்கோட்டிலேயே அவனிடம் சேதி சொல்லிக் கையெழுத்து வாங்கினாள். அதற்குள் அவன் அணிக்குப் பணம் போட்ட குளிர்பானக் கம்பெனியின் விளம்பர அதிகாரி வந்து அவன் தோளில் கைபோட்டுக் கம்பெனிக் கூடாரத்துக்கு அழைத்துப் போனார்.

“அஞ்சு நிமிஷம்மா. பாட்டிலோட ரெண்டு போட்டோ, அவ்வளவுதான்.”

“நானும் உள்ள வரணும் சார்.”

“இடம் இல்லம்மா. எங்க ஓடிடப் போறான்?”

“அக்காவும் வரட்டுமே சார்,” என்றான் குருவி. அதிகாரி சிரித்துக்கொண்டே கூடாரத்தின் ஜிப்பை இழுத்து மூடினார்.

திறந்துகொண்டு போக அவளுக்கு அதிகாரம் இருந்தது. போகவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வெளியிலேயே நின்றாள். அஞ்சு நிமிஷம் பதினோரு நிமிஷம் ஆனது.

படிவத்தில், ‘வீரர் பதினோரு நிமிடம் பார்வையில் இல்லை’ என்று எழுதினாள். பொய் எழுத அவளுக்கு வராது. யார் அழைத்துப் போனார், யார் அவளைத் தடுத்தார் என்பதையும் எழுதப் போனாள். பந்தயத்துக்கே அந்தக் கம்பெனிதான் புரவலர்; எழுதினால் அடுத்த முறை தன்னைக் கூப்பிடுவார்களா என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்தது. அத்தோடு முற்றுப்புள்ளி வைத்தாள். குருவி படித்துப் பார்க்கவில்லை. “நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்,” என்று அடியில் கையெழுத்துப் போட்டான்.

சோதனையில் ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் அந்த ஒற்றை வரி எப்படியோ வெளியே கசிந்தது. பதினோரு நிமிடத்தில் என்னவெல்லாம் செய்யலாம் என்று பத்திரிகைகளில் கண், காது, மூக்கு வைத்து எழுதினார்கள். “எங்களுக்கு நேர்மைதான் முக்கியம்,” என்று பேட்டி கொடுத்து அந்தக் கம்பெனி அவனைக் கைகழுவியது. பேட்டி கொடுத்தவர் ஜிப்பை மூடிய அதே அதிகாரி. வேறு எந்த அணியும் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

“நீ உண்மையத்தானே எழுதின?” என்றார் அவள் கணவர்.

“பாதியத்தான் எழுதினேன்.”

சோதனை அலுவலகத்தில் போய் மீதியைச் சொன்னாள். “படிவம் மூடியாச்சும்மா. இப்ப சேத்தா, அவன் சொல்லிக் குடுத்ததாத்தான் பேசுவாங்க,” என்றார்கள். அவள் வற்புறுத்தவில்லை.

இரண்டு வருடம் கழித்து, பஸ் டிரைவர் வேலைக்கான உடல் பரிசோதனைச் சீட்டோடு குருவி அவள் முன்னால் வந்து உட்கார்ந்தான். சற்றுச் சதை போட்டிருந்தான். ஊசி குத்தும்போது அவன் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. எடுத்து முடித்து, பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

“நீங்க எழுதியிருந்தாலும் வேற ஏதாவது சொல்லித்தான் இருப்பாங்கக்கா,” என்றான்.

அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அவன் சட்டைக் கையை இறக்கிவிட்டு எழுந்தான்.

“ஆனா எழுதியிருக்கலாம்.”

அந்த வாரமே நடந்ததை எல்லாம், அதிகாரியின் பெயர் உட்பட, எழுதிப் பந்தய சங்கத்துக்கு அனுப்பினாள். கடிதம் கிடைத்தது என்று ஒரு வரிப் பதில் வந்தது. அதற்குப் பிறகு எந்தப் பந்தயத்துக்கும் அவளை அழைக்கவில்லை.

கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு குருவியின் வீட்டுக்குப் போனாள். அவன் வேலைக்குப் போயிருந்தான். மனைவிதான் கதவைத் திறந்தாள்.

“அவர் இப்பல்லாம் இதைப் பத்திப் படிக்கறதே இல்லைங்க,” என்றாள். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டாள்.